மூன்று தரம் துட்டி கேட்டவள்

பார்வதியம்மாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாய் விரித்து, சுவரோரம் தலையணை சாய்த்து, "பதினாறு கழியிற மட்டும் இதுதான் உன் எடம்" என்று உறவுக்காரிகள் மூலை காட்டிக் கொடுத்துவிட்டுத்தான் போயிருந்தார்கள். அவள் அதில் உட்காருவாள், முந்தானையை இழுத்து விட்டுக்கொள்வாள், உடனே எழுந்துவிடுவாள். எழுந்து போய்ச் செய்கிற வேலையும் பெரிதில்லை. குழாயைத் திருகிப் பார்ப்பாள். விடியுமுன் வந்து நின்றுபோன தண்ணீர் மத்தியானம் எங்கே வரப்போகிறது? அது அவளுக்கும் தெரியும். பால்கனிக் கொடியில் காயாமல் கிடக்கும் துணியை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தள்ளிப் போடுவாள். ஆடி மாதத்து பம்பாய் மழை வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மாதுங்காவில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் ஈரத்துணி வாடைதான்.

"மைனி, கொஞ்சம் ஒரு எடத்துல இருங்க. நாலு பேரு வந்து போற நேரம்," என்றார் கொழுந்தன் ஆறுமுகநயினார். தந்தி கிடைத்ததும் திருநெல்வேலியிலிருந்து ரயிலேறி வந்தவர். வந்த நாள் முதல் துட்டி வீட்டு நிர்வாகம் அவர் கையில் இருந்தது.

"இருக்கேன் தம்பி," என்பாள். ஆனால் இருக்க மாட்டாள்.

வக்கீல் பிரம்மநாயகம் பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர், மகள் வெந்நீர் கொண்டுவருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். அன்றிலிருந்து ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். செம்பூர், ஆண்டாப் ஹில், விக்ரோலி என்று எங்கெங்கிருந்தோ குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார்கள். உட்கார்ந்ததும் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். குடும்பத்துக்காகவே வாழ்ந்த மனுஷன் என்றார்கள்.

"எங்காத்து மனுஷாளும் இருக்கா. ஒரு நாள் குழந்தைக்குத் தலை வாரியிருப்பாளா?" என்று எதிர்வீட்டு வாலாம்பாள் மாமி ரசப் பாத்திரத்தை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாதாகையால் ரசம் அவள் வீட்டிலிருந்தும், கிச்சடி கீழ்வீட்டு குஜராத்திக்காரியிடமிருந்தும் வந்துகொண்டிருந்தன.

மாமி சொன்னதில் பொய்யில்லை. பிரம்மநாயகம் பிள்ளை மகள் உலகம்மைக்குப் பள்ளிக்கூடம் முடிகிறவரை இரட்டைச் சடை பின்னிவிட்டவர். கரி இஸ்திரிப்பெட்டியை ஊதி ஊதிப் பிள்ளைகளின் சட்டையைத் தேய்ப்பார். ரேஷன் கடையில் பையோடு வரிசையில் நிற்பார். "வக்கீல் சாப், நீங்க எதுக்கு நிக்கிறீங்க?" என்று கடைக்காரன் முன்னால் கூப்பிட்டாலும் போக மாட்டார். ரத்னகிரிப் பக்கம் மாஜிஸ்திரேட் வேலைக்குக் கூப்பிட்டபோது, பிள்ளைகளின் படிப்பு கெடும் என்று அந்தக் காகிதத்தை மடித்து அலமாரி ஆடாமலிருக்கக் காலடியில் வைத்துவிட்டார். கோர்ட் பேச்சை வீட்டுக்குள் கொண்டுவந்ததே கிடையாது. "கச்சேரியச் செருப்போட வாசல்ல கழட்டியாச்சு" என்றபடிதான் உள்ளே நுழைவார்.

எல்லாம் சரிதான். ஆனால் இத்தனை வருஷம் அவர் வாசலில் கழற்றி வைத்தது என்ன என்று பார்வதியம்மாளுக்குத் தெரியாது. கறுப்புக் கோட்டுக்குள் இருந்தது எப்படிப்பட்ட ஆள் என்று இப்போது யாரைக் கேட்பது? இந்த எண்ணம்தான் அவளை மூலையில் இருக்கவிடாமல் எழுப்பிக்கொண்டே இருந்தது.

மாடத்தி மறுபடியும் வந்தது அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம்.

துட்டி வீட்டுக்கென்று திருநெல்வேலிக்காரர்களிடம் சில முறைகள் உண்டு. பம்பாய்க்கு வந்து பேச்சில் பாதி இந்தி ஆகிப் போனாலும் இந்த முறைகளை விடவில்லை. வந்தவரை 'வாங்க' என்று கூப்பிடக் கூடாது. போகிறவர் 'வாரேன்' என்று சொல்லாமல் எழுந்து போய்விட வேண்டும். வந்த இடத்தில் தன் சொந்தக் காரியம் எதைப் பற்றியும் வாயைத் திறக்கக் கூடாது. துக்கம் விசாரித்துத் துட்டி கேட்க ஒருதரம் வந்து தலையைக் காட்டினால் முறை முடிந்தது. மாடத்தியோ இதோடு மூன்றாவது தரம் வந்திருக்கிறாள். தாராவியில் முறுக்குச் சுட்டு விற்கிறவள், அவரிடம் கேஸ் கொடுத்திருந்த கட்சிக்காரி என்பது வரை பார்வதியம்மாளுக்குத் தெரியும். வருவாள், நிலைப்படிக்கு வெளியே படிக்கட்டு முகப்பில் குத்தவைத்து உட்காருவாள், மூக்கைச் சிந்துவாள், எதையோ சொல்ல வருகிறவள்போல உதட்டைப் பிரிப்பாள், பிறகு ஒன்றும் சொல்லாமல் போய்விடுவாள்.

ஆறுமுகநயினார் கண்ணயர்ந்த நேரம் பார்த்துப் பார்வதியம்மாள் அவளைக் கூப்பிட்டாள்.

"மாடத்தி, உள்ள வா."

"இருக்கட்டும்மா, இங்கனயே இருக்கேன். காலு பூராச் சேறு."

"சேறு கழுவத்தான் கூப்பிடுதேன், வா."

சமையலறைக்குப் பின்னால் பாத்திரம் கழுவுகிற மோரிக்கு அவளை அழைத்துப் போய், வாளியிலிருந்து ஒரு சொம்பு தண்ணீரை மோந்து காலில் ஊற்றினாள். மாடத்தி பதறிப் போய்ச் சொம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க போயி ஊத்துததா? குடுங்கம்மா."

"துட்டி ஒருதரம் கேட்டாப் போதும்லா. நீ எதுக்கு மூணாந்தரம் வந்த?"

"மனசு கேக்கலம்மா."

"மனசு கேக்காதவ அழுதுட்டுப் போவா. நீ வாயில கொழுக்கட்டைய வச்ச மாதிரி இருந்து இருந்து போற. என்ன விசயம்?"

"ஒண்ணும் இல்லம்மா."

"அவுககிட்ட உனக்கு என்ன கேசு?"

மாடத்தி தலையைக் குனிந்துகொண்டாள். "துட்டி வீட்டுல நம்ம காரியத்தப் பேசப்படாதும்மா. உங்களுக்குத் தெரியாததா."

"இது வீடு இல்ல, மோரி. சும்மா பேசு."

துக்கத்திலும் மாடத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை முந்தானையால் பொத்திக்கொண்டு, அப்படியே சுவரில் சாய்ந்து நின்றபடி பேசினாள்.

"கோலிக் கேசும்மா. தோல் கிட்டங்கிக்குப் பின்னால ஒத்த ரூமு, அதுதான் எங்க கோலி. எங்க வீட்டுக்காரர் இருக்கயில இருந்தே அதுலதான் முறுக்குச் சுடுதேன். மரத்தூளு அடுப்பு. நடுவுல போத்தலச் சொருவி, சுத்தித் தூள இடிச்சு நெறச்சு, போத்தல உருவிட்டுப் பத்த வச்சா மத்தியானம் மட்டும் நின்னு எரியும். ரெண்டு பொட்டப்பிள்ளையளும் பிழியும், நான் எண்ணெயில கெடப்பேன். சாயங்காலம் டின்னைத் தூக்கிட்டுக் கடைகடையாப் போவேன். கட்டடக்காரனுக்கு இப்பம் அந்தக் கோலி தோலு அடுக்க வேணுமாம். 'குடியிருக்கக் குடுத்தா நீ கார்கானா வச்சுட்ட, காலி பண்ணு'ன்னு கேசு போட்டுட்டான். ஐயா சொன்னாவ, 'ஏ மாடத்தி, முறுக்குச் சுடுதது கார்கானா இல்ல, நான் பேசிக்கிடுதேன், நீ போயி மாவப் பெசை'ன்னு."

"பொறவு?"

"கோர்ட்டுல கூப்பிட்ட ஒரு தாரீக்குக்கு ஐயா வரல."

"ம்."

"வக்கீலு இல்லாம நான் ஒத்தையில நின்னேன். என்னமோ கேட்டாவ. பஜார் இந்தி எனக்கு வரும், கோர்ட்டு மராட்டி எங்க வெளங்குது? கட்டடக்காரன் பக்கம் தீர்ப்பாயிட்டு. மறுநாளு ஐயாவப் போயிப் பாத்தா மொகமே இல்ல. 'தப்பு என்னுது, மறுபடி தொறக்கச் சொல்லி எழுதிப் போடுதேன், நானே கூண்டுல ஏறிச் சொல்லுதேன்'னாவ. வார வெள்ளிக்கிழமதான் அதுக்குத் தாரீக்கு. அதுக்குள்ள..." மாடத்தி நிறுத்திக்கொண்டாள். "அவுகளே போயிட்டாவ. என் கோலியப் பத்தி இங்க வந்து நான் என்னத்தச் சொல்ல?"

"எந்தத் தாரீக்குக்கு அவுக வரல?"

மாடத்தி காலை இன்னொரு தரம் கழுவினாள்.

"கேக்கேன்லா."

"பங்குனி உத்தரம் கழிஞ்சு வந்த புதன்கிழமம்மா. அவுகளுக்கு என்ன அவசரமோ, பாவம்."

பார்வதியம்மாள் சொம்பை வாங்கிக் கீழே வைத்தாள். அந்தப் புதன்கிழமை மறக்கக்கூடியதா? உலகம்மைக்கு நிச்சயதாம்பூலம் மாற்றிய நாள். ஞாயிற்றுக்கிழமைக்கென்று பேசி வைத்ததை, மாப்பிள்ளையின் பெரியப்பா ஊருக்குத் திரும்பவேண்டும் என்று திலக் நகர் மாப்பிள்ளை வீட்டார் திடீரென்று முன்னால் இழுத்துவிட்டார்கள். காலையில் மார்க்கெட்டுக்குப் போய் வாழையிலைக் கட்டோடு வந்த மனுஷன், குளித்துவிட்டுக் கறுப்புக் கோட்டைக் கையில் எடுத்தார். வாசலில் கழற்றுகிற கச்சேரியை அன்று ஒருநாள்தான் வீட்டுக்குள் கொண்டுவந்தார்.

"பார்வதி, ஒரு பொம்பளையோட வீட்டுக் கேசு. தலையக் காட்டிட்டு ரெண்டு மணிக்குள்ள ஓடியாந்திருதேன்."

"போனா உங்கள விடுவாகளா? அவளுக்கு இன்னொரு நாளு குடுப்பாக. எம்பிள்ளைக்கு இன்னொரு நாளு வருமா? தகப்பன் இல்லாமத் தாம்பூலம் மாத்தச் சொல்லுதியளா?"

அவர் கொஞ்ச நேரம் கோட்டைப் பிடித்தபடி நின்றார். பிறகு ஆணியில் மாட்டிவிட்டார். வேறு தேதி கேட்கச் சொல்லிக் குமாஸ்தா மன்சூர் அலியிடம் ஆள் அனுப்பினார். ஏற்கெனவே தள்ளித் தள்ளிப் போன கேஸ், இனித் தள்ள முடியாது என்று ஜட்ஜ் சொல்லிவிட்டார். அது இவள் காதுக்கு இன்றுவரை வரவில்லை. பங்குனியிலிருந்து ஆடி வரை அவர் அதைத் தனக்குள் வைத்துக்கொண்டு, இவளோடு உட்கார்ந்து கல்யாணப் புடவைக்குக் கரை பார்த்திருக்கிறார். அதிகாரி வீட்டுக் கோழிமுட்டை குடியானவன் வீட்டு அம்மியை உடைக்கும் என்பார்கள். தன் வீட்டுத் தாம்பூலத் தட்டு தாராவியில் ஒருத்தியின் அடுப்பை உடைத்துவிட்டதே என்று பார்வதியம்மாளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

நிமிர்ந்தபோது மாடத்தி இல்லை. சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டிருந்தாள்.

சாயங்காலம் மன்சூர் அலியை வரச்சொல்லி ஆள் அனுப்பினாள். மேலப்பாளையத்துக்காரர். பதினைந்து வருஷத்துக்கு மேலாகப் பிள்ளைவாளின் கேஸ் கட்டுகளைச் சுமந்தவர். மழையில் நனைந்த தொப்பியைக் கையில் பிழிந்துகொண்டு நின்றார்.

"இம்புட்டு நாளு வந்து போனியளே, ஒரு வார்த்த சொன்னியளா மன்சூரு?"

"துட்டி வீட்டுல எப்படிக்கா கேசப் பேச? பதினாறு கழியட்டும்னு இருந்தேன். அதுக்குள்ள தாரீக்கு வந்துட்டு. அண்ணாச்சிக்குப் பதிலா காமத் வக்கீலு நிக்கேன்னு சொல்லிட்டாரு. அதுல பழுது இல்ல. சாட்சிக்குத்தான் ஆளு இல்ல."

"என்ன சாட்சி?"

"அன்னைக்கி அண்ணாச்சி ஏன் வரலன்னு யாராவது ஏறிச் சொல்லணும்க்கா. எதிர்க்கட்சி என்ன சொல்லுதான்னா, இந்தப் பொம்பளயும் வக்கீலும் சேந்து வேணும்னே இழுத்தடிக்காங்க, அவ சொல்லித்தான் அவரு வரலங்கான். தப்பு வக்கீலுது, கட்சிக்காரிக்கு அதுல சம்பந்தம் இல்லன்னு நிரூபிச்சுட்டா ஜட்ஜ் தொறந்து விட்டுருவாரு. நான் ஏறலாம், ஆனா எனக்கே காரணம் தெரியாதே. தவிர்க்க முடியாத சோலின்னுதான் அண்ணாச்சி சொல்லியனுப்புனாக. கடைசி வரைக்கும் அதுக்கு மேல சொல்லல."

கட்டிலில் இருந்த ஆறுமுகநயினார் தொண்டையைக் கனைத்தார். "நெஞ்சுவலின்னு சொல்லிருவோம். அதுலதான அண்ணன் போனாக. யாரு இல்லங்கப் போறா?"

"அதும் ஆகாது, சின்ன அண்ணாச்சி. அன்னைக்கிக் காலையில எதிர்க்கட்சிக்காரன் மார்க்கெட்டுல வச்சு வாழையிலக் கட்டோட அவுகளப் பாத்திருக்கான். டாக்டரு சீட்டு வாங்குவமான்னு அண்ணாச்சி இருக்கயிலயே நான் கேட்டேன். அடிக்கக் கைய ஓங்கிட்டாக."

"நான் வந்து சொல்லுதேன்," என்றாள் பார்வதியம்மாள்.

அறையில் இருந்தவர்களெல்லாம் அவளையே பார்த்தார்கள். அலுவலகத்திலிருந்து வந்து ஈரச்சட்டையை உரித்துக்கொண்டிருந்த மகன் சுயம்புலிங்கம், ஒரு கை உள்ளேயும் ஒரு கை வெளியேயுமாக நின்றுவிட்டான்.

"என்னத்தச் சொல்லப் போறிய?" என்றார் ஆறுமுகநயினார்.

"நடந்ததத்தான். வீட்டுல தாம்பூலம் மாத்துன அன்னைக்கி அவுகள நான் போகவிடல. அந்தக் கேசுன்னு தெரிஞ்சே போகவிடல."

"நல்லாருக்கு மைனி, ரொம்ப நல்லாருக்கு. பதினாறு கழியாம பொம்பள படி எறங்குதது ஒண்ணு. அதும் கச்சேரிக்கு. அங்க போயி, எம் புருசன் வாங்குன வேலைக்குத் துரோகம் பண்ணிட்டாருன்னு நாலு வக்கீலுக்கு முன்னால நீங்களே சொல்லப் போறிய. இத்தன நாளா வாரவன் போறவனெல்லாம் எங்க அண்ணனப் பத்தி என்ன சொல்லிட்டுப் போறான், கேட்டியள்லா? ஒரு நாளுல அம்புட்டையும் தொடச்சுப் போட்டுருவிய."

"அந்த நல்ல பேரு அவ கோலிக்கு ஈடாகுமா தம்பி?"

"அவ யாரு நமக்கு?"

"நமக்கு யாரும் இல்லதான். ரெண்டு பொட்டப்பிள்ளையள வச்சுக்கிட்டு இந்த மழையில ரோட்டுக்கு வந்தா, அது யாரால?"

சுயம்பு தாழ்ந்த குரலில் பேசினான். "அம்மா, திலக் நகர்ல தெரிஞ்சா என்ன சொல்லுவாங்க? நிச்சயம் பண்ண அன்னைக்கே ஒரு குடும்பம் போச்சு, இப்ப அப்பாவும் போயிட்டாரு. பொண்ணு ராசி சரியில்லன்னு சொல்லிட்டா? உலகா பத்தி யோசிச்சுப் பாத்தியா?"

இது பார்வதியம்மாளை உலுக்கிவிட்டது. கொழுந்தனுக்குப் பதில் சொல்லிவிடலாம். இதற்கு என்ன சொல்வது? யாருக்காக அவரைப் போகவிடாமல் பிடித்து வைத்தாளோ, அந்த மகள் தலையிலேயே வந்து விடியும் போலிருக்கிறதே. எழுந்தாள், குழாயைத் திருகினாள், திரும்பி வந்தாள். பால்கனிக்குப் போனாள். மழை தெருவை மறைத்துக்கொண்டு பெய்தது. கீழே ஒரு சைக்கிள்காரன் முழங்கால் தண்ணீரில் சைக்கிளைத் தலைமேல் தூக்கிப் போய்க்கொண்டிருந்தான். அவரும் இந்த மூன்று மாதமாகச் சாப்பிட்ட கையோடு இதே இடத்தில்தான் வந்து நின்றுகொண்டிருந்தார். காற்றுக்கு நிற்கிறார் என்று இவள் நினைத்திருந்தாள்.

உலகம்மை பின்னால் வந்து நின்றாள். கல்லூரியில் படிக்கிறவள். நாலு வார்த்தை பேசினால் ஒன்று இந்தியில் விழும்.

"சொன்னா சொல்லட்டும்மா. ஜானே தோ. அதுக்கு இந்தக் கல்யாணம் நின்னா நிக்கட்டும்."

"உனக்கு என்னட்டி தெரியும்?"

"அன்னைக்கி அப்பா பக்கத்துல உக்காந்திருந்தது எனக்குத் தெரியும். எனக்குச் சந்தோசமா இருந்துச்சு." அவள் தன் குடையை எடுத்து நீட்டினாள். "உன் கொடையில கம்பி போயிருக்கு. என்னோடத எடுத்துக்கோ. நானும் கூட வாரேன்."

வெள்ளிக்கிழமை காலை மழை கொஞ்சம் விட்டுக்கொடுத்திருந்தது. ஆறுமுகநயினார் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வாலாம்பாள் மாமி எதிர்க்கதவை ஒருக்களித்துத் திறந்து பார்த்துவிட்டு, தான் எதிர்ப்படுவது அபசகுனம் ஆகக்கூடாது என்றோ, இவளைப் பார்ப்பது அபசகுனம் என்றோ, சட்டென்று சாத்திக்கொண்டாள். பார்வதியம்மாள் எதையும் பார்க்காமல் படியிறங்கினாள். மாதுங்கா ரோடு ஸ்டேஷனில் பெண்கள் பெட்டியில் ஏறி, உட்கார இடம் கிடைத்தும் கம்பியைப் பிடித்தபடி நின்றே வந்தாள். தினமும் இந்த வழியாகத்தானே அவர் போயிருப்பார் என்று ஜன்னலில் தெரிந்த ஒவ்வொரு சுவரையும் பார்த்தாள். மரீன் லைன்ஸில் இறங்கித் தோபித் தலாவுக்கு நடந்தார்கள்.

கோர்ட் வராந்தாவில் மாடத்தி துவைத்து உடுத்திய நூல் சேலையில் தூணோரம் நின்றிருந்தாள். இவளைக் கண்டதும் முகம் வெளுத்தது.

"நீங்க எதுக்கும்மா வந்திய? இந்த நாளுல வரலாமா?"

பார்வதியம்மாள் நேரே உள்ளே நடந்தாள். பேசினால் கால் திரும்பிவிடும் என்று பயந்தாள்.

கூண்டில் ஏறியதும் கைப்பிடிக் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். தமிழுக்கு மொழிபெயர்ப்பாளராக நின்றவர் பாலக்காட்டுப் பெரியவர். பிரம்மநாயகம் பிள்ளையோடு தினமும் மத்தியானம் காபி குடித்தவர். கண்ணில் நீர் தளும்ப, "மாமி, பயப்படாதேங்கோ. கேட்டதுக்கு மட்டும் சொன்னாப் போறும்," என்றார்.

அந்தப் புதன்கிழமை உங்கள் கணவர் எங்கே இருந்தார் என்று காமத் வக்கீல் கேட்டார்.

"வீட்டுலதான் இருந்தாக," என்று ஆரம்பித்தாள். ஆரம்பித்த பிறகு நிற்கவில்லை. "எம் மகளுக்கு நிச்சயதாம்பூலம். அவுகளுக்குக் காய்ச்சலும் இல்ல, நோவும் இல்ல. கோர்ட்டுக்குப் போறதுக்குக் கோட்ட எடுத்தாக. ஒரு பொம்பளையோட வீட்டுக் கேசுன்னு எங்கிட்டச் சொன்னாக. நான்தான், அவளுக்கு இன்னொரு நாளு குடுப்பாக, நீங்க போகப்படாதுன்னு மறிச்சேன். எம் பேச்சக் கேட்டு நின்னுட்டாக."

பெரியவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஜட்ஜைப் பார்த்து இங்கிலீஷில் ஏதோ சொன்னார். ஒரே மூச்சில் முடிந்துவிட்டது.

பார்வதியம்மாளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் வாழ்நாளெல்லாம் அளந்து உலையில் போட்டவளுக்கு, தான் கொட்டியதில் கால்வாசிதான் அந்தப் பக்கம் போயிருக்கிறது என்று தெரியாதா?

"ஐயா, நான் இம்புட்டுச் சொன்னேன். நீங்க ரெண்டு வார்த்தையில முடிச்சிட்டியளே."

"குடும்பக் காரியமா வரமுடியலைன்னு சொல்லியாச்சு, மாமி. அது போறும். அவர் பேரு எதுக்கு..."

"எங்களுக்கு அது போதும். அவளுக்குப் போதாது. பூராச் சொல்லுங்க."

சாட்சி என்ன சொல்கிறார் என்று ஜட்ஜ் கேட்டார். பெரியவர் ஒருதரம் இருமினார். பிறகு நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொன்றாகச் சொன்னார். கோட்டை எடுத்ததைச் சொன்னார். மறித்ததைச் சொன்னார். பின் பெஞ்சில் இருந்த வக்கீல்கள் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்வதியம்மாளுக்குக் காது இரண்டும் எரிந்தன. அவரைத் தெருவில் நிறுத்தி வேட்டியை உருவுகிற மாதிரி இருந்தது அவளுக்கு. ஆனாலும் கட்டையை விடவில்லை.

எதிர்க்கட்சி வக்கீல் எழுந்து, ஆக உங்கள் கணவர் தெரிந்தே கடமை தவறினார், அப்படித்தானே என்று கேட்டார்.

"ஆமாய்யா. தவறுனாக, நான் தவற வச்சேன். இவ இங்க வந்து நின்னுக்கிட்டுத்தான் இருந்தா. இவ மேல ஒரு தப்பும் இல்ல."

அவர் உட்கார்ந்துவிட்டார். ஜட்ஜ் கொஞ்ச நேரம் எழுதினார். வக்கீல் வராததற்குக் கட்சிக்காரி வீட்டை இழக்க முடியாது, பழைய தீர்ப்பைத் தள்ளிக் கேஸை மறுபடி முதலிலிருந்து விசாரிக்க வேண்டும் என்று சொல்லி அடுத்த கேஸ் கட்டைக் கையில் எடுத்தார். மன்சூர் அலி வெளியே ஓடிவந்து தமிழில் சொல்லும்வரை மாடத்திக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தாள்.

உலகம்மையும் மன்சூர் அலியும் காமத் வக்கீலோடு பேசிக்கொண்டு நின்றார்கள். பார்வதியம்மாள் வராந்தா பெஞ்சுக்கு வந்தாள். அதில் உட்கார்ந்துவிட்டுப் பக்கத்தில் தட்டிக் காட்டினாள். மாடத்தி பெஞ்சில் ஏறாமல் கீழேயே இருந்துகொண்டாள்.

"உள்ள என்ன சொன்னேன்னு கேட்டியா?"

"வாசல்ல நின்னு கேட்டேம்மா."

"அன்னைக்கி மறிச்சவ நான்தான், மாடத்தி."

"அது இப்பம்தாம்மா தெரியும். வீட்டுல விசேசம்னு மட்டும் எனக்கு அன்னைக்கே தெரியும்."

பார்வதியம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"தீர்ப்பு சொன்னதும் கோலி போச்சேன்னு தோணலம்மா. ஐயா வராம இருக்க மாட்டாவளே, வழியில என்னமும் ஆயிட்டோன்னுதான் பதறிச்சு. மாதுங்கா ரோட்டுல எறங்கி, யாரும் வண்டியில விழுந்தாவளான்னு டேசன்ல கேட்டேன். இல்லன்னான். அப்பவும் மனசு ஆறல. வழி விசாரிச்சு உங்க வீட்டுத் தெருவுக்கே வந்துட்டேன். கீழ நின்னு பாத்தா, பால்கனியில ஐயா நிக்காவ. வயித்துல பால வாத்த மாதிரி இருந்துச்சு."

"மேல வரக்கூடாதா? ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"பொட்டப்பிள்ள காரியம் நடக்குத வீட்டுல கேசக் கொண்டாந்து வைக்கவா? திரும்பிட்டேன்."

"பொறவாவது கோர்ட்டுல சொல்லியிருக்கலாமே. உனக்குத்தான எல்லாம் போச்சு."

"ஐயாவப் பத்தி நான் எப்படிம்மா சொல்ல?"

வராந்தாவில் கறுப்புக் கோட்டுக்காரர்கள் குறுக்கும் நெடுக்குமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். பார்வதியம்மாள் குனிந்து மாடத்தியின் முகத்துக்கு நேரே கேட்டாள்.

"நீ பாக்கயில அவுக என்ன செஞ்சுக்கிட்டு இருந்தாக?"

"உள்ள யாரையோ பாத்துச் சிரிச்சுக்கிட்டு நின்னாவம்மா. நல்லா, பல்லு பூராத் தெரிய." மாடத்தி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு வருசமா கோர்ட்டுல பாக்கேன். ஐயா சிரிச்சு நான் அன்னைக்கித்தாம்மா பாத்தேன்."

அவர் செத்த அன்றுகூட வாய்விட்டு அழாத பார்வதியம்மாள், அந்த வராந்தாவில் நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி ஓவென்று அழுதாள். மாடத்தி எழுந்து வந்து பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.